படத்தில் இல்லாத குழாய்

உக்காருங்கம்மா. வெயில்ல நின்னுக்கிட்டே எழுத வேண்டாம். அந்த நாற்காலிய இப்படி நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கங்க. என்ன சர்வேன்னு சொன்னீங்க? குடிதண்ணியா? கேளுங்க, கேளுங்க. வீட்டுக்காரி மகளப் பாக்கப் போயிருக்கா. எனக்கும் வேலை ஒண்ணும் இல்ல.

வாரத்துல எத்தனை நாளா? வாரக் கணக்கு இல்லம்மா இங்க. மூணு நாளைக்கு ஒரு தடவ. காலையில அஞ்சரைக்குத் தொறந்தா ஆறேகாலுக்கு அடைச்சிருவாங்க. எழுதிக்கிட்டீங்களா? அடுத்தது? தண்ணியோட தரம் திருப்தியா, திருப்தி இல்லையா... ரெண்டே கட்டம்தான் போட்டிருக்காங்களா?

இந்தக் கேள்விய என்கிட்டக் கேட்டா எப்படிம்மா. முப்பத்தோரு வருசம் இதே நகராட்சியில குழாய் ஃபிட்டரா இருந்தவன் நான். ஃபிட்டர் தவசின்னா பழைய ஆளுக எல்லாருக்கும் தெரியும். ஆத்துக்குள்ள உறைகிணறு இருக்கு. அங்க இருந்து பதிமூணு கிலோமீட்டர் பெரிய குழாய்ல வந்து, இந்தா தெரியுது பாருங்க டேங்க்கு, அதுல ஏறி விழும். அங்க பிளீச்சிங் பவுடரக் கரைச்சு விடுவாங்க. டேங்க்குல இருந்து மெயின் குழாய், மெயின்ல இருந்து தெருவுக்குத் தெரு கிளை, கிளையில இருந்து வீட்டுக்கு வீடு. எல்லாத்துக்கும் ஆபீஸ்ல ஒரு படம் மாட்டியிருக்கு. நீலக் கோடு, சிவப்புக் கோடுன்னு. அந்தப் படம் போடுறப்ப என்னையத்தான் பக்கத்துல உக்கார வெச்சுக் கேட்டுக் கேட்டுப் போட்டாங்க. எந்த முக்குல எத்தனை அடி ஆழத்துல எந்தக் குழாய் போகுதுன்னு எனக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும்.

அந்தப் படத்துல இல்லாத குழாய் ஒண்ணு இருந்துச்சு. அது நான் போட்டது.

எழுத வேண்டாம், இத எழுத வேண்டாம். சும்மா கேளுங்க.

எனக்கு ஒரே தங்கச்சி. விசாலம்னு பேரு. நாங்க ரெண்டே பேருதான். அவ ஓடைத்தெருவுல, தெருவோட நடுவுல வீடு கட்டுனா. அந்தத் தெருவுல ஒரு பக்கம் பெரிய சாக்கடை ஓடும். மெயின் குழாய் சாக்கடைக்கு அந்தப் பக்கம், அவ வீடு இந்தப் பக்கம். முறைன்னு பார்த்தா மனு எழுதிக் குடுக்கணும், அப்புறம் சாக்கடைக்கு மேல, இரும்பு உறை மாட்டிக் குழாயக் கொண்டுவரணும். ஆனா அப்பத்தான் ரோடு புதுசாப் போட்டிருந்தாங்க. ஒரு வருசத்துக்கு ரோட்ட வெட்டக் கூடாதுன்னு ஆர்டர். இவளுக்கு வைகாசியில பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. "அண்ணே, ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்குற. பால் காய்ச்சுறன்னைக்கு நான் பக்கத்து வீட்டுக் குடத்த வாங்கிக்கிட்டா நிக்கணும்?"னு கேட்டா. கூடப்பொறந்தவ கேக்குறப்ப என்னம்மா செய்யிறது?

ஒரு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருக்கற நேரம், நானே போட்டேன். சாக்கடைச் சுவத்துல ஏற்கெனவே ஒரு பழைய ஓட்டை இருந்துச்சு. அது வழியாக் குழாய விட்டுட்டா ரோட்ட வெட்டவே வேண்டாம். விட்டேன். ஒரு ஜாயிண்ட் மட்டும் சாக்கடைக்குள்ளயே விழுந்துருச்சு. சைக்கிள் ட்யூப வெட்டி இறுக்கச் சுத்திக் கட்டுனேன். ஆறு மாசம் தாங்கும், அதுக்குள்ள முறைப்படி எழுதி வாங்கி மாத்திப் போட்டுறலாம்னுதான் நெனச்சேன். அவகிட்ட ஒரு காப்பி கூட வாங்கிக் குடிக்கல. அன்னைக்கு எனக்கு விரதம்.

ஆறு மாசம் ஆறு வருசமாச்சு. தண்ணி நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. வர்றதப் போய் யாரு தொடுவா?

அப்புறம் அந்த ஐப்பசி. பதினோரு வருசம் ஆகப்போகுது. அடை மழை. மேல் தெருவுல இருந்து வர்ற தண்ணியெல்லாம் ஓடைத்தெருச் சாக்கடையில விழுந்து விளிம்பு தட்டி ஓடுது. அப்பத்தான் ஒரு வீட்டுல மூணு பேருக்குக் கண்ணு மஞ்சளாச்சுன்னாங்க. சரி, எங்கயாவது கல்யாணத்துல சாப்பிட்டிருப்பாங்கன்னு விட்டுட்டாங்க. நாலு நாள் கழிச்சுப் பன்னெண்டு பேரு. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. எல்லாம் ஓடைத்தெருவோட கீழ்ப் பாதி.

எங்களுக்கு அப்ப தாரணின்னு ஒரு ஏ.இ. மேடம், இன்ஜினீயர். வந்து மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சு. சின்ன வயசு, உங்க வயசுதான் இருக்கும். நல்ல மாதிரி. ஆபீசரா இருந்தும் என்னைய தவசிண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க ஒரு சின்னப் பெட்டி வெச்சிருப்பாங்க. குழாய்த் தண்ணியப் பிடிச்சு அதுல ரெண்டு சொட்டு மருந்து விட்டு ஆட்டுனா மஞ்சளா மாறணும். மாறுனா தண்ணியில குளோரின் இருக்குன்னு அர்த்தம். டேங்க்குல பிடிச்சோம், நல்ல மஞ்சள். ஓடைத்தெரு ஆரம்பத்துல பிடிச்சோம், மஞ்சள். கடைசி வீட்டுல பிடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுறாங்க, வெறும் வெள்ளைத் தண்ணி.

"தவசிண்ணே, நடுவுல எங்கயோ சாக்கடை உள்ள வருது. அழுக்குதான் குளோரினைத் தின்னுருது. எங்கேன்னு கண்டுபிடிக்கணும். உங்களுக்குத் தெரியாத குழாயா?"ன்னாங்க.

எனக்கு அப்பவே விசாலம் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்துருச்சு.

மறுநாள் தண்ணி விடுற நாள். அஞ்சரைக்கெல்லாம் நான் மட்டும் போய், விசாலம் வீட்டுக்கு எதுத்தாப்புல சாக்கடையக் குனிஞ்சு பார்த்தேன். அந்த ஓட்டைகிட்ட முட்டை முட்டையாக் கொப்புளிக்குது. எனக்குப் புரிஞ்சுபோச்சு. தண்ணி வர்ற நேரம் நம்ம தண்ணி சாக்கடைக்குள்ள போகுது. ஆறேகாலுக்கு வால்வ அடைச்சதும் குழாய் காலியாகுமா, அப்ப அது மூச்ச உள்ள இழுக்கும். சாக்கடை குழாய்க்குள்ள போயிரும். மூணு நாளும் உள்ளயே கிடந்து, அடுத்த தடவ தொறக்குறப்ப மொதக் குடத்துல வந்து விழும். இதுல நாலு வீட்டுல மோட்டார் வேற வெச்சு உறிஞ்சுறாங்க. அதையும் சொல்லணும்ல? மோட்டார் வெச்சதும் தப்புதான?

மேடம் என்னையக் கேட்ட மறுநாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, மறுநாளே தெரியும்.

நேரா விசாலம் வீட்டுக்குப் போனேன். "இனிமே குழாய்த் தண்ணியத் தொடாத. லாரித் தண்ணியப் பிடிச்சுக் கொதிக்க வெச்சுக் குடி. புள்ளைகளுக்கும் அதையே குடு"ன்னு சொன்னேன். ஏன்ண்ணேன்னா. சும்மா சொல்றதக் கேளுன்னேன். அவகிட்ட மட்டும்தான் சொன்னேன். கூடப்பொறந்தவ இல்லையா.

உடனே அடைச்சிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. அடைக்கத்தான் நெனச்சேன். ஞாயித்துக்கிழமை வரட்டும், ஆள் இல்லாதப்ப வெட்டி எடுத்துருவோம்னு. ஆனா அந்த மழைக்குச் சாக்கடை இடுப்பளவு போகுது. இறங்கவே முடியாது. இறங்குனாலும் தெரு பூராவும் ஆளு. சுகாதாரத்துல இருந்து வர்றாங்க, பேப்பர்காரங்க வர்றாங்க, கவுன்சிலர் வர்றாரு. அத்தனை பேரு மத்தியில நான் போய் என் தங்கச்சி வீட்டுக் குழாய எடுத்துக் காட்டுனா என்ன ஆகும்? வேலை போகும். அது போனாக்கூடப் பரவாயில்ல. தெருவே சேந்து விசாலத்த உசுரோட விடுவாங்களா? அதத்தான் யோசிச்சேன். அதத்தான் யோசிச்சேன்னு இப்பவும் சொல்லிக்கிறேன்.

அதனால மேடம் படத்த விரிச்சுக் கேக்குறப்பெல்லாம் நான் வேற இடத்தக் காட்டுனேன். "இந்த முக்குல ஜாயிண்ட் பழசு மேடம்." "இங்க லாரி ஏறி அமுங்கியிருக்கும் மேடம்." ஒன்பது குழி தோண்டுனேன்மா. ஒன்பது. மழையில, முட்டி அளவு சேத்துல நின்னு, நானே கடப்பாரையப் பிடிச்சுத் தோண்டுனேன். வேற எந்த ஃபிட்டரும் அப்படித் தோண்டியிருக்க மாட்டான். மூணு நாளாக் காய்ச்சல் வேற எனக்கு. அந்தப் பொண்ணு, தாரணி மேடம், அவங்க குடைய என் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க நனைஞ்சாங்க. "நீங்க விழுந்துட்டா இந்தத் தெருவுக்கு யாருண்ணே இருக்கா"ன்னாங்க. நான் குழிக்குள்ள குனிஞ்சவன் நிமிரவே இல்ல.

பத்தாம் நாள் பிள்ளையார் கோயில் முன்னால ஒரு சின்னக் கசிவு இருந்துச்சு. நெசமாவே இருந்துச்சு, பொய் இல்ல. ஊசி மொனை அளவு. அதப் பார்த்ததும் எனக்கு உசுரு வந்துச்சு. "மேடம், இதுதான்!"னு சத்தம் போட்டேன். தெரு பூராவும் கூடிருச்சு. நான் கிளாம்ப் போட்டு அடைச்சேன். எல்லாரும் அப்பாடான்னாங்க.

அப்பத்தான் பாக்கியம் அக்கா வந்தாங்க. ஏழாம் நம்பர் வீடு. வீட்டுலயே இட்லி அவிச்சு விப்பாங்க. புருசன் இல்ல, ஒரே மக. நாகஜோதின்னு. கட்டிக்குடுத்தது வேற ஊரு. வளைகாப்புப் போட்டு, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குக் கூட்டியாந்து அப்ப பத்து நாள்கூட ஆகல. அந்தப் புள்ள வாசப்படியில நின்னு எட்டிப் பாக்குது. ரெண்டு கை நெறையக் கண்ணாடி வளையல். கைய அசைச்சாச் சத்தம் கேக்குது.

பாக்கியம் அக்கா என்கிட்ட வந்து, "தம்பி, வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கா. இப்பத் தண்ணி குடிக்கலாமாப்பா?"ன்னாங்க.

மேடம் என் பக்கத்துல நிக்கிறாங்க. கவுன்சிலர் நிக்கிறாரு. எல்லாரும் என் வாயவே பாக்குறாங்க.

"குடிக்கலாம்க்கா. அடைச்சாச்சு"ன்னேன்.

அதுவரைக்கும் அந்த அக்கா கொதிக்க வெச்சுத்தான் குடுத்துருக்காங்க. அது எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா... தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? இல்லக்கா, குடிக்காதீங்கன்னா, அப்ப இப்ப நீ அடைச்சது என்னடான்னு அடுத்த கேள்வி வரும்ல?

அதுக்கப்புறமும் ஒன்பது நாள் அந்தச் சாக்கடை உள்ள போச்சு. மூணு தடவ தண்ணி விட்டாங்க. பத்தொன்பதாவது நாள் மழை வெறிச்சு, சாக்கடை கணுக்கால் அளவுக்கு இறங்குச்சு. அன்னைக்கு நானே மேடத்தக் கூப்பிட்டு, இங்க ஒரு சத்தம் கேக்குது மேடம்னேன். இறங்கி, ஓட்டையில கைய விட்டு, அந்தக் குழாய அறுத்து எடுத்தேன். மெயின்ல அடைப்பு மாட்டுனேன். சைக்கிள் ட்யூபு இத்துப்போய் நூல் நூலாத் தொங்குது. "ஏதோ பழைய காலத்து இணைப்பு மேடம். இப்ப யாருதும் இல்ல. செத்த குழாய்"னு சொன்னேன். அவங்களும் அப்படியே எழுதிக்கிட்டாங்க.

விசாலம் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. அவ வீட்டுக் குழாய்ல இனிமே தண்ணி வராதுன்னு அவளுக்குத் தெரியும். எதுக்குக் கொதிக்க வைக்கச் சொன்னேன்னும் அந்த நிமிசம் அவளுக்குப் புரிஞ்சிருக்கும். மறுநாள்ல இருந்து குடத்த எடுத்துக்கிட்டுத் தெருக்குழாய்க்குப் போனா. இன்னைக்கு வரைக்கும் அவ வீட்டுக்கு இணைப்பு கேக்கல.

எனக்கு மாலை போட்டாங்கம்மா. ஓடைத்தெருக்காரங்க எல்லாரும் சேந்து பிள்ளையார் கோயில்ல வெச்சு மாலை போட்டுத் தேங்காய் உடைச்சாங்க. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. நான் வேண்டாம், வேண்டாம்னுதான் சொன்னேன். பெரிய மனுசன் அடக்கமாப் பேசுறான்னு நெனச்சுக்கிட்டாங்க.

கார்த்திகையில புதுசா வர்றது ஒண்ணு ரெண்டாக் கொறைஞ்சுச்சு. முடிஞ்சதுன்னு இருந்தோம். தீபத்தன்னைக்குக் காலையில விசாலம் எனக்குப் போன் பண்ணுனா. அந்தக் குழாய வெட்டுன நாள்ல இருந்து பேசாதவ. "அண்ணே, பாக்கியம் அக்கா மகளுக்குக் கண்ணு மஞ்சளாயிருச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்க"ன்னா. அப்புறம், "நம்ம வீட்டு மருதாணி மரத்துலதாண்ணே வந்து பறிச்சுட்டுப் போச்சு, போன வாரம்"னு சொல்லிட்டு வெச்சுட்டா.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். அங்க ஒரு நர்சம்மாகிட்டக் கேட்டேன், தண்ணியெல்லாம் சரியாகி நாளாச்சே, இப்பப் போய் எப்படிம்மா வரும்னு. "கிருமி இன்னைக்கு உள்ள போனா ஒரு மாசம் கழிச்சுத்தான் காட்டும். மத்தவங்க தப்பிச்சுக்குவாங்க. புள்ளத்தாச்சிக்குத்தான் இது எமன்"னாங்க. நான் அங்கயே செவத்துல சாஞ்சு நின்னு விரல் விட்டு எண்ணுனேன். எப்படி எண்ணுனாலும் நான் குடிக்கலாம்க்கான்னு சொன்னதுக்கு அந்தப் பக்கம்தான் வருது. முன்னால வரவே மாட்டேங்குது.

நாலாம் நாள் அந்தப் புள்ள போயிருச்சு. குழந்தைய மட்டும் எடுத்தாங்க. பொம்பளப் புள்ள. பாக்கியம் அக்காகிட்டத்தான் வளருது.

அதுக்கப்புறந்தான் விசாரணை. தெருக்காரங்க ரோட்டுல உக்காந்துட்டாங்க. யாராவது ஒரு ஆளக் காட்டணும். குழாய்ல தேடுனா, நான்தான் செத்த குழாய், யாருதும் இல்லன்னு எழுத வெச்சுட்டேனே. அப்ப மிச்சம் யாரு? டேங்க்குல பவுடர் கரைக்கிறவரு. அருளப்பன் அண்ணன்.

அவரப் பத்திச் சொல்லணும். டேங்க் ஆபரேட்டர். என்னைவிட ஆறேழு வயசு மூப்பு. சத்தமாப் பேசத் தெரியாத மனுசன். நெதமும் காலையில டேங்க்க சுத்தி வந்து சிலுவை போட்டுட்டுத்தான் மோட்டார் போடுவாரு. அவருகிட்ட விசாரணை ஆபீசர் வேற என்னமோதான் கேட்டாரு. இவரா வாயத் தொறந்து, "ஐப்பசியில ரெண்டு நாள் பவுடர் மூட்டை மழையில நமுத்துப்போச்சுங்கய்யா. புது மூட்டை வரல. அதையேதான் கரைச்சு விட்டேன்"னு சொல்லிட்டாரு. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ற மனுசன். அவ்வளவுதான், எல்லாரும் அதப் பிடிச்சுக்கிட்டாங்க. நமுத்த பவுடர்ல வீரியம் இருக்காதுன்னாங்க. டேங்க்குல மஞ்சள் காட்டுச்சேன்னு மேடம் சொன்னதுக்கு, அது வேற நாள் பார்த்ததுன்னு தள்ளிட்டாங்க.

அப்புறம் என்னையக் கூப்பிட்டாங்க. "பவுடர் சரியா இருந்திருந்தா கடைசி வீட்டுல குளோரின் காட்டியிருக்குமா?"ன்னு கேட்டாரு ஆபீசர். "கொஞ்சமாவது காட்டியிருக்கணும்ங்கய்யா"ன்னேன். பொய் இல்லம்மா அது. பொதுவாப் பார்த்தா அது சரிதான். அவரு பொதுவாத்தான கேட்டாரு?

அருளப்பன் அண்ணன சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

அந்தப் புள்ளைக்குப் பதினாறாம் நாள் காரியம். நானும் போயிருந்தேன். ஓடைத்தெரு வீட்டுல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அருளப்பன் அண்ணன் விடுவிடுன்னு உள்ள வந்தாரு. வந்தவரு பாக்கியம் அக்கா கால்ல அப்படியே குப்புற விழுந்துட்டாரு. "நான்தாம்மா கொன்னுட்டேன். நமுத்த பவுடரப் போட்டு உங்க புள்ளையக் கொன்னுட்டேன். என்னைய மன்னிக்க வேண்டாம், என்னைய ரெண்டு அடியாவது அடிங்க"ன்னு கதறுறாரு. எல்லாரும் அப்படியே இருக்காங்க. நான்தான் எந்திரிச்சுப் போய்த் தோளப் பிடிச்சுத் தூக்குனேன். "எந்திரிங்கண்ணே"ன்னேன். அவரு என் நெஞ்சுல சாஞ்சு அழுதாரு. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு.

பாக்கியம் அக்கா அவரத் திட்டல. அடிக்கவும் இல்ல. "போங்கய்யா. இந்தத் தம்பி மட்டும் மழையில நின்னு தோண்டலைன்னா தெருவே போயிருக்கும். என் புள்ளையோட போச்சு"ன்னு என்னையக் காட்டிச் சொன்னாங்க.

அப்பச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. எதுத்தாப்புல விசாலம் உக்காந்து என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா. அவளுக்காகத்தான் விட்டேன். அவ தலைய ஆட்டியிருந்தாச் சொல்லியிருப்பேன். அவ ஆட்டவும் இல்ல, வேண்டாம்னு கண்ணும் காட்டல. சும்மா பார்த்தா.

அருளப்பன் அண்ணன் அப்புறம் வேலைக்கே வரல. கட்டாய ஓய்வு குடுத்து அனுப்பிட்டாங்க. சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு, மக ரீத்தாவக் கட்டிக்குடுத்த கிராமத்துக்கே போயிட்டாரு. ஊருல பார்க்கற பழைய ஆளுக யாராவது சொல்லுவாங்க, அவரு யார்கூடவும் பேசுறதில்ல, கோயிலே கதின்னு கிடக்குறாருன்னு. ஓ, அப்படியான்னு கேட்டுக்குவேன். தாரணி மேடமும் மாத்தலாகிப் போய்ட்டாங்க. நான் ரிடையர் ஆகுறன்னைக்கு அவங்க எங்கிருந்தோ போன் பண்ணி வாழ்த்துச் சொன்னாங்கம்மா. அதுதான் எனக்கு...

தண்ணி குடிக்கிறீங்களா? கொதிக்க வெச்சு ஆற வெச்சதுதான். பயப்படாமக் குடிங்க.

போன வருசம் என் மக தலைப்பிரசவத்துக்கு இங்க வந்தா. அவ வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச நாள்ல இருந்து தண்ணிய வேற யாரையும் நான் தொட விடல. நானே பிடிச்சு, நானே இருபது நிமிசம் கொதிக்க வெச்சு, நானே ஆத்தி, மூடி போட்டு வெப்பேன். ஒரு நாள் அவ தெரியாமக் குழாயத் தொறந்து கையில ஏந்தி வாயக் கொப்பளிச்சா. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுல இருந்து ஓடியாந்துட்டாங்க. "ஏம்ப்பா, ஊருக்கே தண்ணி குடுத்தவரு நீங்க. நீங்களே நம்ப மாட்டேங்கறீங்களே"ன்னு சிரிச்சா. அவளுக்கு நல்லபடியாப் பொறந்துச்சு. சுகப்பிரசவம். பேத்தியக் கையில குடுத்தாங்க. வாங்க முடியலம்மா எனக்கு. வயசாயிருச்சு, பிடிக்கப் பயப்படுறாருன்னு சொல்லி வாங்கிக்கிட்டாங்க.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன், அருளப்பன் அண்ணனப் போய்ப் பாக்கணும்னு. முடிவு பண்ணிப் போறதுக்கு ஒரு வருசம் ஆச்சு. போன மாசந்தான் போனேன்.

ரெண்டு பஸ் மாறிப் போகணும். வீட்டு முன்னால வேப்ப மரத்தடியில உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டிருந்தாரு. கண்ணு சரியாத் தெரியல அவருக்கு. அண்ணேன்னேன். குரல வெச்சே கண்டுபிடிச்சுட்டாரு. "தவசியா? தவசி, வா வா! ஏ ரீத்தா, நம்ம ஃபிட்டர் தவசி வந்துருக்காரு, மோர் கொண்டா!"ங்கறாரு. பதினோரு வருசத்துல நான் ஒரு தடவ எட்டிப் பார்க்கல. அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நான் உக்காரல. உக்காந்தா அப்புறம் ஊர்க்கதை பேசிட்டு வந்துருவேன்னு தெரியும். நின்னுக்கிட்டே சொன்னேன். விசாலம் வீட்டுக் குழாய் நான் போட்டதுன்னு சொன்னேன். மேடம் கேட்ட மறுநாளே எனக்குத் தெரியும்னு சொன்னேன். ஒன்பது குழியும் பொய்க் குழின்னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

அவரு கையில இருந்த கடலைய அப்படியே வெச்சுட்டாரு. அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சா நல்லதுன்னு நெனச்சேன்.

"அப்ப நான் போட்ட பவுடரு?"ன்னாரு.

எனக்குப் புரியல. "என்னண்ணே?"

"நமுத்த பவுடரு. ரெண்டு நாள் போட்டேனே. அது... அது காரணம் இல்லையா?"

"இல்லண்ணே. நீங்க பத்து மூட்டை போட்டிருந்தாலும் அந்தச் சாக்கடை தின்னுருக்கும். டேங்க்குல நாங்க சொட்டு விட்டுப் பார்த்தோம். நல்ல மஞ்சளாத்தான் இருந்துச்சு. நீங்க போட்டது போதும்."

"போதுமா?"

"போதும்ண்ணே."

"நெசமாப் போதுமா தவசி?"

அவரு கை ரெண்டும் என் கையப் பிடிச்சுக்கிச்சு. அப்புறம் உள்ள பார்த்துச் சத்தம் போடுறாரு. சத்தமாப் பேசத் தெரியாத மனுசன்னு சொன்னேன்ல? தெருவுக்கே கேக்குற மாதிரி, "ஏ ரீத்தா! நான் போட்ட பவுடரு சரியாத்தான் இருந்துச்சாம்! போதுமாம்!"ங்கறாரு. அழுகுறாரா சிரிக்கிறாரான்னு தெரியல.

ரீத்தா வாசப்படியில மோர்ச் செம்போட நின்னுச்சு. எல்லாத்தையும் கேட்டிருக்கு. செம்ப எங்கிட்டக் குடுக்கல. படியில வெச்சுட்டு உள்ள போயிருச்சு.

அவரு என்னைய விடல. கையப் பிடிச்சுக்கிட்டு டீக்கடை வரைக்கும் கூட்டிட்டுப் போறாரு. எதுக்க வர்றவங்ககிட்டயெல்லாம், "இவரு எங்க ஊரு ஃபிட்டரு. நான் ஒரு தப்பும் செய்யலைன்னு சொல்றதுக்காகவே இம்புட்டுத் தூரம் வந்துருக்காரு"ங்கறாரு. அவங்க என்னையப் பார்த்துக் கும்பிடுறாங்கம்மா. ஒரு கெழவர் எந்திரிச்சு என்னைய உக்காரச் சொல்றாரு. என்ன விசயம்னு அவங்க யாருக்கும் தெரியாது. பதினோரு வருசமாப் பேசாத ஆளு பேசுறாரேன்னு சந்தோசம்.

அவர வீட்டுக்கு அனுப்பிட்டு பஸ் ஸ்டாப்புல நின்னேன். கொஞ்ச நேரத்துல ரீத்தா வந்துச்சு. வேகமா நடந்து வந்ததுல மூச்சு வாங்குது. இந்தப் புள்ளையாவது திட்டப்போகுதுன்னு நெனச்சேன். திட்டல. எனக்குப் பக்கத்துல, அந்தப் பக்கமாப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. பஸ் தூரத்துல வர்றப்பத்தான் பேசுச்சு.

"எங்கம்மா போய் ரெண்டு வருசமாச்சு மாமா. புள்ளத்தாச்சியக் கொன்னவரு கையால சாப்பிட மாட்டேன்னு கடைசி வரைக்கும் அப்பா ஊட்ட வந்தா வாயத் தொறக்கல. நீங்க ரெண்டு வருசம் முன்னால வந்திருக்கலாம்"னுச்சு.

பஸ் வந்துருச்சு. ஏறிட்டேன்.

அவ்வளவுதாம்மா. எழுதலையே எதையும்? நல்லது. அந்தக் கட்டத்துல திருப்தின்னே போட்டுக்கங்க. இப்ப தண்ணி நல்லாத்தான் வருது. குறை சொல்லக் கூடாது, இப்ப இருக்கற பசங்க நல்லாப் பாக்குறாங்க.

அடுத்து எந்தத் தெரு? ஓடைத்தெருவா? அங்க ஏழாம் நம்பர் வீட்டுல பாக்கியம் அக்கா இருப்பாங்க. பேத்திதான் வந்து கதவத் தொறக்கும். நல்ல புள்ள, கெட்டிக்காரி, கேக்குறதுக்கெல்லாம் அதுவே பதில் சொல்லிரும். நீங்க ஃபிட்டர் தவசி வீட்டுல இருந்து வர்றேன்னு மட்டும் சொல்லுங்க, உக்கார வெச்சு ரெண்டு இட்லி குடுத்துத்தான் அனுப்புவாங்க. ஆனா இத மட்டும் அங்க சொல்லிறாதீங்கம்மா. அவங்களுக்கும் வயசாயிருச்சு. நானே ஒரு நாள் போய்ச் சொல்லிக்கிறேன். பக்கத்துத் தெருதான, எந்திரிச்சா ரெண்டு நிமிசம்.